கட்டை போடுகிறவர்

வைகாசி பிரம்மோற்சவத்தின் 7ஆம் நாள், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் தேரில் வருவார். கூட்டத்தின் கண் பெருமாள் மேல், கை வடத்தின் மேல். எனக்கோ சக்கரத்தோரம் முட்டுக்கட்டையோடு நடப்பவர்களைப் பார்க்கத்தான் பிடிக்கும்.

டிராக்டரில் டிரெய்லரை மாட்டினால், கொக்கியில் இரும்புப் பின் இறங்கும். முன்வண்டி நின்றால் பின்வண்டியும் அடங்கும். வடம் அப்படியல்ல. அதற்கு இழுக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. இழுப்பவர்கள் நின்றாலும், தேர் தன் கனத்திலேயே உருண்டு வரும். அதைத் தடுப்பது ஆப்பாகச் செதுக்கிய மரக்கட்டை. ஸ்டியரிங்கும் அதுதான்: ஒரு பக்கச் சக்கரத்துக்கு அதைச் சாய்த்துக் கொடுத்தால், சக்கரம் ஏறிச் சறுக்கி, தேர் திரும்பும். கட்டை கடிபட்ட கணமே கை வெளியே வந்துவிட வேண்டும். வடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே யாரும் புகக்கூடாது.

திருச்சி பெல் செய்த இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருவாரூர் ஆழித்தேர் உட்படப் பல தேர்களுக்கு வந்துவிட்டன. ஆனாலும் கட்டைக்காரருக்கு ஓய்வில்லை. இழுக்க ஊரே திரளும். நிறுத்தத் தெரிந்த நாலு பேர் வந்த பிறகுதான் வடத்தைத் தொடலாம்.