தோற்ற திருத்தத்தின் எடை

நாயுடுபேட்டையில் பிறந்து வளர்ந்த ஒரு முதியவர், ஊரை விட்டு நகராமலே சென்னை மாகாணம், ஆந்திர மாநிலம், ஆந்திரப் பிரதேசம் என்று மூன்று ஆட்சிகளைப் பார்த்திருப்பார். நெல்லூர் மாவட்டத்திலிருந்த அந்த ஊர் 2022-இல் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது மாநில அரசின் முடிவு. மாநில எல்லையை மாற்றுவது அப்படியல்ல. அந்த அதிகாரத்தை அரசியலமைப்பின் 3-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், ஒப்புதல் வேண்டியதில்லை. அரசியலமைப்பு உருவாகும்போதே இதை எதிர்த்தவர்கள் உண்டு. அவர்கள் வாதம் இன்று எவ்வளவு தேறும்?

அதை எடைபோட முதலில் அவர்கள் எழுத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் 1787-88-இல் புதிய அரசியலமைப்பை எதிர்த்து ‘புரூட்டஸ்’, ‘கேட்டோ’ போன்ற புனைபெயர்களில் வந்த எழுத்துகளை ஹெர்பர்ட் ஸ்டோரிங் தொகுத்தார். 1981-இல் ஏழு தொகுதிகளாக வந்தன. நம் எதிர்ப்பு எழுத்தோ சிதறிக் கிடக்கிறது. ஸ்ரீமன் நாராயண் அகர்வால் 1946-இல் எழுதிய காந்திய அரசியலமைப்பு, சோஷலிஸ்ட் கட்சியின் 1948-ஆம் ஆண்டு வரைவு, திராவிடர் கழக ஏடுகள் ஆகியவை முழுக் கட்டடத்தையே மறுத்தவை. ஒரு குறிப்பிட்ட பிரிவை எடுத்துக்கொண்டு மல்லுக்கட்டியதைப் பார்க்க அரசியல் நிர்ணய சபை விவாதங்களுக்குத்தான் போக வேண்டும். நமக்கு வேண்டியது அவ்விவாதங்களின் ஏழாம் தொகுதியில், 1948 நவம்பரில் இருக்கிறது.

பொருளாதார அறிஞர் கே.டி. ஷா கொண்டுவந்த திருத்தம் எளிமையானது: ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்றும் யோசனை அந்த மாநிலச் சட்டமன்றத்திலிருந்தே எழ வேண்டும். டெல்லி தன்னிச்சையாக வெட்டி ஒட்டக் கூடாது என்பது இதன் சாரம். சென்னை மாகாண உறுப்பினர் கே. சந்தானம் இதற்குச் சொன்ன பதில் ஆந்திரத்தை உதாரணமாகக் கொண்டது. ஆந்திரர்கள் தனி மாகாணம் கேட்டுச் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பெரும்பான்மை அதைத் தோற்கடித்தால் அவர்கள் வழி முழுதும் அடைபட்டுவிடும் என்றார். ஷாவின் திருத்தம் தோற்றது.

சந்தானத்தின் வாதம் கூர்மையானது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளே அதன் ஒரு பாதியைப் பலவீனமாக்கின. ஆந்திரத்துக்கு அப்போது பெரிய முட்டுக்கட்டை சென்னைச் சட்டமன்றம் அல்ல. மொழிவழி மாகாணங்கள் வேண்டாமென்றது 1948 டிசம்பரில் வந்த தார் ஆணைய அறிக்கை. அதன்பின் தயங்கியது மத்திய அரசு. தனி ஆந்திரம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15-இல் உண்ணாவிரதத்தில் உயிர்விட்ட பிறகே அறிவிப்பு வந்தது. 1953 அக்டோபர் 1-இல் மாநிலம் பிறந்தது. அதிகாரம் டெல்லியில் இருந்தால் சிறுபான்மைப் பகுதிக்கு வழி தானாகத் திறந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மறுபாதி 2014-இல் உறுதியானது. ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் ஜனவரி 30-இல் தெலங்கானாவைப் பிரிக்கும் மசோதாவை நிராகரித்தது. நாடாளுமன்றம் பிப்ரவரியில் நிறைவேற்றியது. ஜூன் 2-இல் தெலங்கானா உருவானது. ஷாவின் விதி இருந்திருந்தால் பெரும்பான்மை மறுத்த அந்த மாநிலம் பிறந்தேயிருக்காது. சந்தானம் 1948-இல் எந்த மக்களுக்காக வாதாடினாரோ, அவர்களே இம்முறை மறுக்கும் பெரும்பான்மையாக இருந்தார்கள். தங்கள் சட்டமன்றத்தின் முடிவுக்கு மதிப்பில்லை என்ற அவர்கள் கோபத்தில் ஷாவின் கேள்வி உயிரோடிருந்தது.

ஆக, ஷாவின் நோய்க்கணிப்பு சரி, மருந்து தவறு. அது டெல்லியின் தன்னிச்சையைத் தடுத்துவிட்டு, அதே தன்னிச்சையை மாநிலப் பெரும்பான்மையிடம் ஒப்படைத்தது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்தது. அரசியலமைப்பின் 1948 பிப்ரவரி வரைவின்படி, பிரிய வேண்டிய பகுதியின் சட்டமன்றப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் கேட்டாலோ, பாதிக்கப்படும் மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டாலோதான் மத்திய அரசு மசோதா கொண்டுவரலாம். அதே நவம்பரில் அம்பேத்கர் முன்மொழிந்த மாற்று வாசகம் வந்தபோது இந்த நிபந்தனை போய்விட்டது. 1955-இன் ஐந்தாம் திருத்தம், சட்டமன்றம் கருத்துச் சொல்லக் குடியரசுத் தலைவர் கெடு வைக்கவும் வழிசெய்து, இருந்த கலந்தாலோசனையையும் சுருக்கியது.

அந்தப் பழைய வரைவும் முழுமையானதல்ல. தலைநகர் யாருக்கு, வருவாய் எப்படிப் பங்கு என்று மிச்சமிருக்கும் மாநிலம் கேட்டால் அதில் விடையில்லை. ஆயினும் பகுதியின் விருப்பம் இல்லாமல் டெல்லி தானாகத் தொடங்குவதையும், மாநிலப் பெரும்பான்மை வழிமறிப்பதையும் அது ஒரே நேரத்தில் கடினமாக்கியிருக்கும். என் தீர்ப்பு இதுதான்: மூன்றில் எடை கூடியது ஷாவின் திருத்தமோ நிறைவேறிய வாசகமோ அல்ல, விவாதத்துக்குள்ளேயே கைவிடப்பட்ட அந்த வரைவு. எதிர்த்தவர்களின் உரைகளை மட்டும் தேடிப் படிப்பவருக்கு அது கண்ணில் படாது. அடித்துவிடப்பட்ட வரிகளையும் எதிர்ப்பு இலக்கியத்தோடு வைத்துப் படித்தால்தான் 3-ஆவது பிரிவை நியாயமாக எடைபோட முடியும்.