இரண்டரை நிமிடச் சான்று

சமயபுரத்தைச் சேர்ந்த என் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார். முன்னதாக இரத்தப் பரிசோதனை நடந்தது. இரத்தம் வடியும் நேரம் 2 நிமிடம் 30 விநாடி, உறையும் நேரம் 5 நிமிடம், இரண்டும் இயல்பு என்று சீட்டு வந்தது. ஆனால் பல் இருந்த இடத்தில் மறுநாள் காலைவரை இரத்தம் கசிந்தது. பல்வலிக்காக மூன்று நாளாக அவர் ஆஸ்பிரின் விழுங்கி வந்தது பிறகுதான் தெரிந்தது. யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. சீட்டுதான் இருக்கிறதே!

அந்தச் சீட்டின் தகுதியைச் சற்று ஆராய்வோம்.

தோலில் சிறு குத்து. கசியும் இரத்தத்தை அரை நிமிடத்துக்கு ஒருமுறை வடிதாளில் ஒற்றுதல். கறை நிற்கும் நேரத்தைக் குறித்தல். இது 1910-ல் அமெரிக்க மருத்துவர் டியூக் விவரித்த முறை. இரத்தத் தட்டுகள் குறைந்தால் கசிவு நீள்கிறது, இரத்தம் செலுத்தினால் சீராகிறது என்று அவர் காட்டியது பெரிய சாதனையே. நோயை ஆராயப் பிறந்த முறையை நற்சான்று வழங்கும் முறையாக்கியது நம் தவறு.

குத்தின் ஆழம், தோலின் வெப்பம், விரலை அழுத்திய விதம் ஆகியவற்றில் எது மாறினாலும் விடை மாறும். ஊசலின் நீளத்தை அளக்காமல் அலைவு நேரத்தை மட்டும் எழுதிவரும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவோமா? உறையும் நேரமும் இதற்குச் சளைத்ததன்று. லேசான ஹீமோஃபிலியா உள்ளவருக்கும் அது இயல்பாகவே வரக்கூடும். அறுவையின்போது இரத்தம் மிகுதியாக வடியுமா என்பதை வடியும் நேரம் முன்கூட்டிச் சொல்லாது என்று அமெரிக்க நோய்க்குறியியல் வல்லுநர்கள் 1998-லேயே அறிவித்துவிட்டனர்.

அப்படியானால் தட்டுகளின் வேலையை எப்படி அளப்பது? பால் திரிந்தால் கட்டி தனியே ஒதுங்க, நீர் தெளிவதைப் பார்த்திருப்பீர்கள். தட்டுகள் நிறைந்த பிளாஸ்மாவும் கலங்கலாகவே இருக்கும். அதை 37 டிகிரி செல்சியஸில் கலக்கி, ஏ.டி.பி. என்னும் பொருளைச் சேர்த்தால் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். ஒளி அதிகமாக ஊடுருவும். திரளாவிட்டால் தட்டுகளில் குறை என்று ஐயுறலாம். எண்ணிக்கை சரியாக இருந்தும் வேலை செய்யாத தட்டுகளை இது காட்டிக்கொடுக்கும். 1962-ல் இம்முறையை வெளியிட்டவர் குஸ்தாவ் போர்ன். அவருடைய தந்தை பௌதிக மேதை மாக்ஸ் போர்ன். நம் திருவானைக்காவில் பிறந்த சர் சி. வி. இராமனின் அழைப்பில் 1935-36-ல் பெங்களூரில் பணியாற்றியவர்.

ஆனால் இம்முறைக்கு எடுத்துச் சில மணி நேரமே ஆன இரத்தமும் தேர்ந்த கைகளும் வேண்டும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மையங்களுக்கே இது ஏற்றது. எல்லோருக்கும் தேவையுமில்லை.

எல்லோருக்கும் தேவையானது கேள்விதான். முன்பு பல் எடுத்தபோது இரத்தம் நிற்காமல் வந்ததா? குடும்பத்தில் யாருக்கேனும் அப்படி உண்டா? மாதவிடாயில் போக்கு மிகுதியா? என்னென்ன மாத்திரை உண்கிறீர்கள்? 2008-ல் வெளியான பிரிட்டிஷ் வழிகாட்டுதலும் அறுவைக்கு முன் இவ்விதம் விசாரிப்பதையே முதலில் வைக்கிறது. ஆஸ்பிரின் பட்ட தட்டு தன் ஆயுளாகிய ஏழு முதல் பத்து நாள்வரை மீள்வதில்லை. அதற்காக, இதய நோய்க்கு அதை உண்பவர்கள் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சீட்டில் 'இயல்பு' என்று இருந்தாலும், கேட்காததையும் நீங்களே சொல்லுங்கள்.