சோதித்த நாணயம்

அரபியில் இலக்கியத் திறனாய்வை ‘நக்து’ என்பர். நல்ல நாணயத்தையும் கள்ள நாணயத்தையும் பிரித்தறிதலே அச்சொல்லின் பழம்பொருள். கதை எழுதப் பழகும் நம் பிள்ளைகள் ஒருவர் எழுத்தை மற்றவர் படித்து, ‘அருமை’ என்னும் சொல்லையே கைமாற்றிக்கொள்கின்றனர். அன்பினால் செய்கின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சோதியாத நாணயம் சந்தையில் செல்லாது.

1930, 1940களில் ஆக்ஸ்போர்டில் ‘இங்க்ளிங்ஸ்’ என்றொரு நண்பர் குழாம் இருந்தது. பெரும்பாலோர் ஆசிரியர்கள், கதை அவர்தம் தொழிலன்று. சி. எஸ். லூயிஸின் அறையில் இரவில் கூடி, முற்றுப்பெறாத படைப்புகளை உரக்கப் படித்துக் கருத்துக் கேட்டனர். டோல்கியன் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நெடுங்கதையை அங்கே பகுதி பகுதியாகப் படித்தார். தொடக்க அதிகாரங்களில் வீண்பேச்சு மிகுதி என்றார் லூயிஸ்; டோல்கியன் குறைக்க முற்பட்டார். மற்றொரு நண்பரான ஹியூகோ டைசனின் வெறுப்போ, அவர் இருக்கும் அவையில் அவ்வாசிப்பையே நிறுத்திற்று.

இருவரும் குறை கண்டவர்களே. ஒருவர் குறையைச் சுட்டிவிட்டு, முடியும்வரை கேட்டிருந்தார். மற்றவர் கேட்கவே மறுத்தார். லூயிஸின் தூண்டுதல் இல்லையேல் நூலை முடித்திருக்க மாட்டேன் எனப் பின்னாளில் டோல்கியன் ஒப்புக்கொண்டார். 1954இல் அது வெளிவரத் தொடங்கிற்று.

எழுதும் நம் பிள்ளைகள் நண்பரின் கதையில் தளர்ந்த இடத்தைக் காட்டட்டும். அவர் திருத்தி வரும்போது மீண்டும் செவிகொடுக்கட்டும். இரண்டாவதைச் செய்யாதவர்க்கு முதலாவதைச் செய்ய உரிமையில்லை.