சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்: மணிமேகலையின் தண்டனை நோக்கு

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையைப் பசிப்பிணி தீர்க்கும் அறம் பாடிய பௌத்தக் காப்பியமாகப் போற்றுதல் மரபு. அதன் 19ஆம் காதையான ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ அவ்வறத்தின் கொடுமுடியாகக் கொள்ளத்தக்கது. ஆயின், அக்காதையை மட்டும் தனித்தெடுத்துப் பாராட்டுதல் போதாது. அதனைத் தொடரும் 22ஆம், 23ஆம் காதைகளோடு இயைத்து நோக்கும்போதே, சிறைத்தண்டனை பற்றி இக்காப்பியம் கூறுவதும் கூறாது விடுவதும் புலனாகும்.

தமிழிலக்கியத்திற் சிறை முன்னரும் பேசப்பட்டதே. சோழனாற் சிறையிடப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, தண்ணீர் கேட்டுப் பெற நேர்ந்த இழிவைப் பொறாது பாடியதாகப் புறநானூற்றின் 74ஆம் பாடற் குறிப்புக் கூறும். ஆங்குச் சிறை என்பது ஒரு மன்னனின் மானம் பற்றிய பிரச்சினை. சாத்தனாரோ பெயரற்ற மாந்தர் அடைபட்டுக் கிடக்கும் இடமாகச் சிறையைக் காண்கின்றார். காயசண்டிகை வடிவிற் சிறையுட் புகும் மணிமேகலை, அவர்கள் செய்த குற்றம் யாதென வினவுவதில்லை. அவர்தம் பசியையே காண்கிறாள். அமுதசுரபியின் வியப்பைக் கேள்வியுற்று அவளை அழைத்து, வேண்டுவது யாதென மன்னன் மாவண்கிள்ளி வினவியபோது, யாரேனும் ஒருவருக்கு மன்னிப்பு வழங்குமாறு அவள் கேட்கவில்லை. சிறையையே அறக்கோட்டமாக்குமாறு கேட்கிறாள். தனிமனிதர் மீதான இரக்கம் நிறுவனம் பற்றிய கேள்வியாக மாறும் இவ்விடமே காதையின் தனிச்சிறப்பாகும்.

எனினும், இம்மாற்றத்தின் எல்லையும் நோக்கற்பாலது. 20ஆம் காதையின் தொடக்கத்தில் அக்கட்டடம் பெற்ற புதுவாழ்வு விரித்துரைக்கப்படுகின்றது. நரகம் போன்றிருந்த சிறை, கோயிலும் அறவோர் பள்ளியும் அட்டிற்சாலையும் உண்போர் சாலையும் கொண்ட இடமாகிறது. தீப்பிறப்பில் உழன்றோர் நற்பிறப்பு எய்தியமை அதற்கு உவமை. ஆயின், அங்கிருந்த சிறையாளர் பின்னர் எவ்வாறு வாழ்ந்தனர், அவர்களால் இழப்புற்றோர் எவரேனும் இருப்பின் அவர்க்கு யாது ஈடு என்பன பற்றிக் காப்பியம் பேசவில்லை. கட்டடம் மறுபிறப்பு எய்தியது; மனிதரின் மறுவாழ்வு சொல்லப்படவில்லை.

இதனினும் பெரிய முரண்பாடு 22ஆம் காதையில் எழுகின்றது. அரசகுமாரன் உதயகுமரன் காஞ்சனனால் வெட்டுண்டு இறக்கிறான். நிகழ்ந்ததை முனிவர் வாயிலாக அறிந்த மன்னன், தான் செய்திருக்கவேண்டிய தண்டனையையே விஞ்சையன் செய்தான் என்கிறான். அவ்வளவு நடுநிலை பேசியவனே மணிமேகலையைக் காவலில் வைக்குமாறும் ஆணையிடுகிறான். சிறையை ஒழிக்கச் செய்தவளே மூன்று காதைகளுக்குள் சிறைப்படுகிறாள்! முன்னைய மாற்றம் மன்னன் மகிழ்ந்தளித்த வரமேயன்றி, அவனது அதிகாரத்தைக் கட்டுப்படுத்திய நெறியன்று என்பதை இது காட்டுகின்றது. வரமாகக் கிடைத்த விடுதலைக்கு உறுதிப்பாடு இல்லை.

அக்காவல் தண்டனையன்று, பாதுகாப்பே எனச் சிலர் வாதிடலாம். அதற்கு 23ஆம் காதையே விடையிறுக்கின்றது. மகனை இழந்த இராசமாதேவி, மணிமேகலைபால் அன்புடையாள் போன்று நடித்து அவளைச் சிறையினின்று மீட்கிறாள். பின்னர் பித்தேற்றும் மருந்தூட்டுகிறாள்; அவளது கற்பை அழிக்க ஓர் இளைஞனை ஏவுகிறாள்; நோயுற்றாள் எனக் கூறிப் புழுக்கறையில் அடைக்கிறாள். சிறைக்கு வெளியே உள்ளதெல்லாம் சிறையினும் மேலானதன்று. எவர்க்கும் கணக்குக் காட்டவேண்டாத பரிவு, மதில் சூழ்ந்த சிறையினும் கொடியதாகலாம் என்பதைச் சாத்தனார் நன்கு உணர்ந்திருந்தார்.

அதே காதையில் மாற்று வழியின் சாயலும் தென்படுகின்றது. மந்திர வலிமையால் உய்ந்த மணிமேகலை, அரசியைத் தண்டிக்குமாறு கோரவில்லை. அவளது துயரத்தின் பொருளை விளக்கி, செய்த தீமையை அவளே உணரச் செய்கிறாள். வணங்கிய அரசியை எதிர்வணங்குகிறாள். தீங்கிழைத்தவரும் தீங்குற்றவரும் நேர்நின்று பேசும் இக்காட்சி, 19ஆம் காதை கூறாது விட்ட பகுதியை ஓரளவு நிரப்புகின்றது. ஆயினும், இங்கும் யாவும் ஒருத்தியின் தவவலிமையிலேயே தங்கியுள்ளன. மந்திரம் அறியாத சிறையாளர்க்கு இவ்வழி எவ்வாறு கிட்டும்?

இக்கேள்வி இலங்கை வாசகர்க்கு வெறும் இலக்கியக் கேள்வியன்று. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், குற்றம் நிரூபிக்கப்படாதோரை 18 மாதங்கள்வரை தடுத்துவைக்க இடமளித்தது. 2022இன் திருத்தம் அதனை 12 மாதங்களாகக் குறைத்தது. 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் அரசின் காவலிலிருந்த 53 தமிழர் இரு நாட்களிற் கொல்லப்பட்டனர். காவல் என்னும் சொல் பாதுகாப்பையும் தடுப்பையும் ஒருங்கே குறிப்பது. வெலிக்கடையில் அதன் முதற்பொருள் முற்றாக அழிந்தது. மறுபுறம், தண்டப்பணம் செலுத்த வகையின்றிச் சிறை புகுவோர் இந்நாட்டிற் பலர். அவர்களது ‘குற்றத்தின்’ பின்னால் மணிமேகலை கண்ட பசியே நிற்கிறது. சிறைக்குப் பதிலாகச் சமுதாய சேவையை விதிக்க வழிவகுத்த 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம், மன்னன் வரமாக ஈந்ததைச் சட்டமாக்கும் திசையில் எடுத்துவைக்கப்பட்ட ஓர் அடியாகும்.

சிறையை நரகமெனக் கண்டு, அதனை மாற்றலாம் எனத் துணிந்து பாடியமை சாத்தனாரின் பெருமை. அம்மாற்றம் மன்னனின் மனநிலையோடு மாறிவிடும் என்பதை மறைக்காது காட்டியமை அதனினும் பெருமை. அருள் சிறைக்கதவைத் திறக்கலாம். அது மீண்டும் மூடப்படாது காப்பது நீதியின் கடமை.