துறைமுகத்துப் பக்கத்து அத்தோ

சென்னை ராயபுரத்திலிருந்து தெற்கே வந்தால், பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார். சாயங்காலம் அங்கே தள்ளுவண்டியில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸைக் கலக்கும் கைகளைப் பார்ப்பதே எனக்குப் பாதி விருந்து. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளிக்கரைசல், மிளகாய்த்தூள். மேலே பேஜோ என்ற மொறுமொறு வறுவலை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைகிறார்கள். கரண்டியால் கிளறினால் புளி எல்லா இழையிலும் ஏறாது. முதலில் புளிப்பு, பின்னாலேயே காரம், நடுநடுவே மொறுமொறுப்பு. கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப்.

1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகள் அரசுடைமையானதும், அங்கிருந்த தமிழர்கள் ஏறக்குறைய வெறுங்கையோடு கப்பலேறினார்கள். 1969-இல் அவர்களுக்காக இந்தக் கடைவீதி பிறந்தது. வியாசர்பாடியிலும் குடியேறினார்கள், அத்தோவும் கூடவே போனது.

குளிரூட்டிய உணவகங்களில் வெளிநாட்டுச் சாப்பாடு என்று பெரும்பாலும் அலங்காரத்துக்கே காசு கொடுக்கிறோம். அத்தோவுக்கு ஒரு வண்டி போதும். மசாலா முட்டையையும் கேட்டு வாங்குங்கள். அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயம் திணித்து, புளித்தண்ணீர் விட்டுத் தருவார்கள். முழுசாக வாயில் போட்டுக்கொள்ளுங்கள். கடித்தால் சாறு வழிந்துவிடும்.