ஏழு விநாடி

தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் ஓடிய காலம் சிலருக்கு ஞாபகமிருக்கும். மந்திரி வெள்ளப் பகுதியைப் பார்வையிடுவார், அணையைத் திறப்பார், கடைசியில் கொஞ்சம் கிரிக்கெட். அதற்குள் முறுக்கு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான். மந்திரிக்குப் பதில் அழகிப் போட்டி, குதிரைப் பந்தயம், நாய்க் கண்காட்சி. பாரமவுண்ட், ஃபாக்ஸ், பாத்தே, யுனிவர்சல், ஹெர்ஸ்ட் என்று ஐந்து கம்பெனிகள் வாரத்துக்கு இரண்டு தடவை புது ரீல் அனுப்பும். துள்ளலாக ஒரு பின்னணி இசை, அதைவிடத் துள்ளலாக ஒரு குரல். டிக்கெட் வாங்கியவன் மூட் கெடக் கூடாது. அந்தத் தொழிலின் முதல் விதி அது.

அப்படிப்பட்ட கம்பெனி ஒன்றின் கேமராவில் தப்பித்தவறி நிஜம் வந்து விழுந்துவிட்டால்?

விழுந்தது. சிகாகோ, 1937 மே 30, ஞாயிற்றுக்கிழமை. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் விடுமுறை நாள். நகரின் தென்கோடியில் ரிபப்ளிக் ஸ்டீல் ஆலை. யூனியனை அங்கீகரிக்க முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டதால் நான்கு நாளாக ஸ்டிரைக். ஆலை வாசலில் மறியல் செய்ய சட்டப்படி உரிமை உண்டு, போலீஸ் விடவில்லை. அன்று மதியம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு பழைய டான்ஸ் ஹாலில் கூடி, அங்கிருந்து வெட்டவெளியைக் கடந்து ஆலையைப் பார்த்து நடந்தார்கள். பெண்கள், குழந்தைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. ஏதோ பிக்னிக் போகிற கூட்டம் மாதிரிதான் இருக்கிறது.

பாரமவுண்ட் நியூஸின் ஆர்லாண்டோ லிப்பர்ட் போலீஸ் பக்கம் கேமராவோடு நின்றிருந்தார். அவர் எடுத்ததை இன்று இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தேன். நான் பார்த்த பிரதியில் இசை கிடையாது, வர்ணனை கிடையாது. யாராவது இதற்கு வயலின் சேர்த்து வைத்திருந்தால் தயவுசெய்து அதைப் பார்க்காதீர்கள்.

முன்னால் தேசியக் கொடி. எதிரே வரிசை கட்டிய போலீஸ். நடுவில் ஓர் ஆள் கையை ஆட்டி ஆட்டி அதிகாரியிடம் ஏதோ வாதாடுகிறார். ரேஷன் கடை க்யூவில் நடக்கிற வாக்குவாதத்தைவிடச் சூடு கம்மி. அடுத்த காட்சியில் முன்வரிசை ஆட்கள் ஒருவர் மேல் ஒருவராகக் குவியலாகக் கிடக்கிறார்கள். மற்றவர்கள் திரும்பி ஓடுகிறார்கள். தடியோடு போலீஸ் துரத்துகிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு ஓட்டை. அந்த நேரம் பார்த்து லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன், ஏழு விநாடி போலப் போய்விட்டது என்று லிப்பர்ட் பின்னால் சாட்சி சொன்னார். யார் ஆரம்பித்தார்கள், பின்வரிசையிலிருந்து கல்லோ குச்சியோ முதலில் பறந்ததா என்பதெல்லாம் அந்த ஏழு விநாடிக்குள் இருக்கிறது. வக்கீல்களுக்கு நல்ல தீனி. ஆனால் எட்டாவது விநாடியிலிருந்து எல்லாம் இருக்கிறதே! ஓடுகிறவனை அடிப்பது, விழுந்தவனை மறுபடி அடிப்பது. சுடப்பட்ட ஒருவரை வேனில் ஏற்ற இரண்டு போலீஸ்காரர்கள் தூக்கி நிறுத்துகிறார்கள். இடுப்புக்குக் கீழே உயிரில்லை. கால் துணி மாதிரி மடங்குகிறது. திரும்பவும் நிறுத்துகிறார்கள். மடங்குகிறது. என்ன நடக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லையா, புரிந்துதான் செய்கிறார்களா? மூன்று தடவை ஓட்டிப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

இறந்தவர்கள் பத்துப் பேர். ஏழு பேருக்குக் குண்டு முதுகில். மூன்று பேருக்கு விலாப்பக்கம். முன்பக்கம் ஒருவருக்கும் இல்லை.

மறுநாள் பத்திரிகைகள் பலவற்றில் 'கலவரக் கும்பல் ஆலையைப் பிடிக்க வந்தது' என்று செய்தி. பாரமவுண்ட் படத்தைப் பூட்டி வைத்துவிட்டது. தியேட்டரில் காட்டினால் ஜனங்கள் வெறி பிடித்துக் கலவரம் செய்வார்கள் என்று காரணம் சொன்னார்கள். ஜனங்கள் மேல் எவ்வளவு அக்கறை! இதே 1937 மே மாதம் 6-ம் தேதி ஹிண்டன்பர்க் விமானக் கப்பல் நியூ ஜெர்ஸியில் தீப்பற்றி விழுந்து 36 பேர் செத்தார்கள். அதைப் படம் பிடித்து அவசர அவசரமாகத் தியேட்டர்களுக்கு அனுப்பியது நியூஸ் ரீல் உலகம். மனிதர்கள் நெருப்பிலிருந்து ஓடிவருவதைக் காட்டலாம். அதில் யார் மேலும் பழி இல்லை. தோட்டாவிலிருந்து ஓடுவதைக் காட்டினால் சுட்டது யார் என்று பக்கத்து சீட்காரர் கேட்பார். பயங்கரமான காட்சி என்பதற்காகப் பூட்டவில்லை. பதில் சொல்லவேண்டிய காட்சி என்பதால் பூட்டினார்கள்.

செனட்டர் லா ஃபாலெட்டின் விசாரணைக் குழு சம்மன் அனுப்பிப் படத்தைக் கைப்பற்றியது. செயின்ட் லூயிஸ் பத்திரிகையாளர் பால் ஆண்டர்சன் விஷயத்தைக் கறந்து, ஜூனில் படத்தைக் காட்சி காட்சியாக எழுத்தில் ஓட்டிக் காட்டினார். படத்தைப் பார்க்காதவர்கள் அதன் விவரிப்பைப் படித்துத்தான் முதலில் அதிர்ந்தார்கள். சினிமா விமரிசனத்துக்கு இப்படி ஒரு வேளை வாய்த்தது அபூர்வம். ஜூலையில் விசாரணையில் திரையிட்ட பிறகு பாரமவுண்ட் வேறு வழியில்லாமல் படத்தை வெளியிட்டது. சிகாகோவில் போலீஸ் தடை போட்டது. யார் தடை போட்டது என்பதை இன்னொரு முறை படியுங்கள்.

நியாயம் கிடைத்ததா என்றால், இல்லை. மரண விசாரணை ஜூரி 'நியாயப்படுத்தக்கூடிய கொலை' என்றது. சுட்ட போலீஸ்காரர் ஒருவர்மேல்கூட வழக்கு இல்லை. ஸ்டிரைக் தோற்றது. ரிபப்ளிக் யூனியனை ஒப்புக்கொள்ள 1942 ஆயிற்று. 1997-ல் பாதுகாக்கப்பட வேண்டிய படங்களின் தேசியப் பட்டியலில் இந்த ரீலைச் சேர்த்தார்கள். அதே வருஷப் பட்டியலில் ஹிண்டன்பர்க் ரீலும் இருக்கிறது. அறுபது வருஷம் கழித்து இரண்டுக்கும் பக்கத்துப் பக்கத்து அலமாரி.

கடைசி ஷாட்டைச் சொல்லவேண்டும். புல்வெளியில் அங்கங்கே ஆட்கள் கிடக்கிறார்கள். கோட்டு பட்டன் திறந்திருக்க, களைத்துப்போன ஒரு போலீஸ்காரர் நடந்து வருகிறார். முகத்தில் சிடுசிடுப்பு. கேமரா அருகில் நிற்கிற இன்னொருவரிடம் ஏதோ சொல்கிறார், காதில் விழவில்லை. சட்டென்று ஒரு சிரிப்பு. தூசு தட்டுகிற மாதிரி இரண்டு கையையும் தட்டிக்கொண்டு போய்விடுகிறார்.