இரவல் குரலை உதிர்த்த சிறுவர்

வறுமையைக் கலையாக்கும்போது இரக்கம் எளிது, உண்மை அரிது. மீரா நாயரின் ‘சலாம் பம்பாய்’ (1988) அவ்வுண்மையை எட்டியது எவ்வாறு? விடை, படப்பிடிப்புக்கு முன் நடந்த நாடகப் பயிற்சியில் உள்ளது. நாடக ஆசிரியர் பாரி ஜான் பம்பாய்த் தெருச் சிறுவர்க்குப் பயிற்சி அளித்தார். நடிப்பு என்றதும் அவர்கள் இந்திப் பட நடிகரைப் போன்றே மிகைப்படுத்தி நடித்தனர். அவ்விரவல் குரலை உதிர்த்துத் தம் வாழ்வையே காட்டக் கற்ற பின்னரே படம் பிறந்தது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் பாலர் சபை கண்டார். வீட்டைப் பிரிந்த சிறுவர் அங்கே அரசராயினர், தேவராயினர். அவர்தம் சொந்த ஏக்கத்திற்கு வேடமில்லை. பம்பாய்ச் சிறுவர்க்கு அவ்வேடம் கிட்டியது. ஆயினும் ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும்: வாழ்வு அவர்களுடையது, திரைக்கதையை எழுதியவரோ சூனி தாராபோர்வாலா. கதையின் முடிவு சிறுவர் கையில் இல்லை. படத்தின் பயனாக அதே ஆண்டில் ‘சலாம் பாலக்’ அறக்கட்டளை தோன்றியது அக்குறைக்கு ஓரளவு ஈடாகும்.

படத்தில் சிறுவன் கிருஷ்ணா தாய்க்குக் கடிதம் எழுதுவிக்கிறான். முழு முகவரி அறியான். வெளியூரில் பிழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் நமக்கு முகவரி உண்டு. அஃதில்லாத பிள்ளை தன் கதையைத் தானே நடித்துக் காட்டும்போது, கைதட்டியதோடு நம் கடன் தீர்ந்துவிடுமா?